அடுத்த வேலிக்கு ஏன் புழு விழவில்லை?

லண்டனின் வால்தம்ஸ்டோ பகுதியில் உள்ள விக்டோரியா காலத்து வரிசை வீடுகளுக்கு முன்வாசல் என்று இருப்பது இரண்டு எட்டில் தாண்டிவிடக்கூடிய ஒரு துண்டு நிலம். குப்பைத் தொட்டிகளை வைத்தது போக மிஞ்சிய இடத்தில், இடுப்பளவு உயரத்துக்குக் கத்தரித்துவிட்ட, பாக்ஸ் என்ற புதர்ச்செடியின் வேலி நிற்கும். ஓர் ஆகஸ்டு மாதம் எங்கள் தெருவில் ஒரு வீட்டு வேலி பத்தே நாளில் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. கிட்டே போய் விலக்கிப் பார்த்தால் பல இலைகளில் நடு நரம்பு மட்டும்தான் மிச்சம். கிளைகளுக்கு நடுவே நூலாம்படை, அதில் சிக்கிய பச்சைப் புழுக்கைகள், கறுப்புத் தலையும் உடம்பில் கறுப்புக் கோடுகளுமாக அரைவிரல் நீளப் புழுக்கள். அதே வரிசையில் ஐந்து வீடு தள்ளி இன்னொரு பாக்ஸ் வேலி, மழையில் நனைந்ததுபோல் பசேலென்று நின்றது. இரண்டும் ஒரே செடி, ஒரே களிமண். பெய்த மழையும் ஒன்றுதான்.

"மசுக்குட்டி விழுந்திட்டுது" என்றார் எதிர்வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா. தமிழ்நாட்டில் நாங்கள் கம்பளிப்பூச்சி என்போம். ஆனால் இதன் உடம்பில் கம்பளி அவ்வளவாக இல்லை. மழைக்காலத்தில் முருங்கை மரத்தின் அடித்தண்டில் ஆயிரக்கணக்கில் அப்பிக் கிடக்குமே, தீப்பந்தம் கட்டிப் பொசுக்குவார்களே, அந்தக் காட்சிதான் இருவருக்கும் நினைவுக்கு வந்தது. அக்கா அடுத்துக் கேட்டார்: "அது சரி, அந்த வீட்டுக்கு ஏன் போகேல்லை?"

பூச்சியியல் நூல்களில் இந்தக் கேள்வியைவிட "இங்கே ஏன் வந்தது" என்ற கேள்விக்குத்தான் பக்கங்கள் அதிகம். அக்காவின் கேள்வியே சரியான முதல் கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. புதர்ச்செடிகளில் இலை தின்னும் பூச்சி திடீரென்று பெருகுவதில் விளக்கத்துக்குச் சட்டென்று பிடிபடாத பகுதி பெருக்கம் அல்ல. பூச்சி முட்டையை நூற்றுக்கணக்கில் இடும் உயிர், பெருகத்தான் செய்யும். அது ஓர் எல்லைக்கோட்டில் நின்றுபோவதுதான் வியப்பு.

லண்டனுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. 1782-இல் நகரைச் சுற்றியிருந்த ஹாத்தார்ன் முள்வேலிகளிலும் மரங்களிலும் வெள்ளை வெள்ளையாக நூல்கூடுகள் தொங்கின. பழுப்புவால் அந்துப்பூச்சியின் குஞ்சுப் புழுக்கள் குளிர்காலத்தைக் கூட்டமாகக் கழிக்கும் கூடுகள் அவை. பஞ்சமும் கொள்ளைநோயும் வரப்போவதன் அறிகுறி என்று ஊரே பயந்தது. தேவாலயங்களில் வழிபாடு நடந்தது. கூடுகளை வெட்டிக் கொண்டுவரும் ஏழைகளுக்கு ஒரு புஷல் மரக்காலுக்கு ஒரு ஷில்லிங் கூலி கொடுத்தார்கள். கொண்டுவந்த கூடுகளை அதிகாரிகள் முன்னிலையில் எரித்தார்கள். கிளாப்பம் வட்டாரத்தில் மட்டும் ஒரே நாளில் எண்பது புஷல் சேர்ந்ததாம். இதை எழுதிவைத்தவர் வில்லியம் கர்டிஸ் என்ற தாவரவியலாளர். அதே ஆண்டு அவர் ஒரு சிறு நூல் வெளியிட்டு, இந்தப் புழு குறிப்பிட்ட சில செடிகளைத்தான் தின்னும், பயிரைத் தொடாது, இது இந்த நாட்டில் எப்போதும் இருந்த பூச்சிதான் என்று மக்களின் பயத்தைத் தணித்தார். பூச்சியைப் பற்றிய பீதிக்கு ஒருவர் உட்கார்ந்து நிதானமாகப் பதில் எழுதிய பழைய உதாரணங்களில் இது ஒன்று. பின்னாளில் வந்த பலரைவிடக் கர்டிஸ் தெளிவாக யோசித்திருக்கிறார்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து கோட்பாடுகள் குவிந்தன. முதல் குற்றவாளியாக நிறுத்தப்பட்டது செடி. ஆஸ்திரேலியரான டி.சி.ஆர். ஒயிட் 1969-இல், யூகலிப்டஸ் மரங்களில் பெருகிய சாறுண்ணிப் பூச்சிகளை வைத்து ஒரு கருத்தைச் சொன்னார். வறட்சியாலோ வெள்ளத்தாலோ வாடும் செடியின் இலையில் பூச்சிக்கு எளிதில் கிடைக்கும் நைட்ரஜன் கூடுகிறது. வழக்கமாகப் பசியில் செத்துப்போகும் குஞ்சுகள் அப்போது பிழைத்துக்கொள்கின்றன. பெருக்கம் அங்கே தொடங்குகிறது. 1991-இல் பீட்டர் பிரைஸ் இதற்கு நேர் எதிராக, பூச்சி தேடுவது கொழுத்து வளரும் செடியைத்தான் என்றார். இருவர் சொன்னதற்கும் ஆதாரங்கள் கிடைத்தன, இருவருக்கும் எதிராகவும் கிடைத்தன. 2004-இல் ஹ்யூபர்ட்டியும் டெனோவும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தொடர்ந்து நீரின்றி வாடும் செடி சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்குப் பெரும்பாலும் கெடுதலாகவே முடிகிறது. இலை கடிப்பவற்றிலோ முடிவு ஒருபடித்தாக இல்லை. வாடிய செடியில் புழு விழும் என்பது நம் ஊர்த் தோட்டக்காரரும் சொல்வதுதான். ஆனால் செடி வாடியதால் புழு வந்ததா, புழு வந்ததால் செடி வாடிற்றா என்று அவரிடம் கேட்டுவிடக் கூடாது.

நைட்ரஜன் விஷயத்தை மட்டும் ஒதுக்க மனமில்லை. போர்ட், தாம்சன் என்ற இருவர் 1980-இல் பிரிட்டனின் மோட்டார் சாலை ஓரங்களில் நின்ற செடிகளில் இலை தின்னும் பூச்சிகள் அளவுக்கு மீறிப் பெருகுவதைக் கவனித்து எழுதினார்கள். வண்டிப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகள் இலையில் சத்தாகச் சேர்வதே காரணம் என்பது அவர்கள் கணிப்பு. நெதர்லாந்தின் ஹெதர் புதர்க்காடுகளில் ஹெதர் வண்டு மறுபடி மறுபடி பெருகிச் செடியை அழித்து, அந்த இடத்தைப் புல் பிடித்துக்கொண்டதற்கும் காற்றில் வந்து விழுந்த நைட்ரஜனோடு தொடர்பு காட்டினார்கள். வால்தம்ஸ்டோவின் வடக்கே இராப்பகலாக நார்த் சர்க்குலர் சாலை ஓடுகிறது. அதன் ஓரத்து ஹாத்தார்ன் புதர்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்த ஆய்வு நினைவுக்கு வரும். ஆனாலும் எங்கள் தெருவின் ஐந்து வீட்டு இடைவெளியைப் புகை விளக்காது.

அடுத்த விளக்கம் செடி நிற்கும் அமைப்பு. ரிச்சர்ட் ரூட் 1973-இல் நியூயார்க் மாநிலத்து இத்தாக்காவில் காலர்டு கீரையைத் தனிப் பாத்தியாகவும் மற்ற செடிகளுக்கு நடுவிலும் வளர்த்துப் பார்த்தார். தனிப் பாத்தியில் அந்தக் கீரைக்கே உரிய வண்டுகள் வந்து தங்கிக் குவிந்தன. ஒரே செடியை இடைவெளியில்லாமல் நட்டு, அவ்வப்போது கத்தரித்துப் புதுத் தளிர் விட வைக்கும் தோட்ட வேலி, ரூட்டின் பாத்தியைவிட நல்ல பந்தி.

காலமும் கணக்கில் வரும். ஆக்ஸ்போர்டு அருகே வைத்தம் காட்டில் வார்லியும் கிராட்வெல்லும் 1950 முதல் பல ஆண்டுகள் குளிர்கால அந்துப்பூச்சியை எண்ணினார்கள். ஓர் ஆண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் நடுவே தொகை ஏறி இறங்கியதற்கு முதன்மைக் காரணம், முட்டை பொரியும் நாளும் ஓக் மொட்டு விரியும் நாளும் பொருந்தியதும் தவறியதும். நம்மூரில் மானாவாரி நிலக்கடலையைத் தின்னும் சிவப்புக் கம்பளிப்புழுவின் கூட்டுப்புழு மண்ணுக்குள் காத்திருந்து, கோடை உழவு மழை நன்றாகப் பெய்ததும் அந்துப்பூச்சியாக மொத்தமாக வெளியேறும். மழை எந்த ஊரில் விழுந்ததோ அங்கேதான் புழு.

இப்போது அக்காவின் கேள்விக்கு மிக நெருங்கி வந்த ஆய்வுக்குப் போகலாம். கலிஃபோர்னியாவின் போடகா விரிகுடாக் கரையில் லூபின் என்ற புதர்ச்செடி மண்டிக் கிடக்கிறது. 1980-களில் அங்கே ஓரிடத்தில் குஞ்சப்புழு அந்துப்பூச்சியின் புழுக்கள் புதர்களை மொட்டையடித்தன. அடுத்த ஆண்டும் அதே இடம். அதற்கடுத்த ஆண்டும் அதேதான். சில நூறு மீட்டர் தள்ளி அதே லூபின் செழித்து நின்றது, புழுவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சூசன் ஹாரிசனும் சகாக்களும் 1990-களில் இந்த எல்லைக்கோட்டை ஆராய்ந்தார்கள். புழுக்களைக் கொண்டுபோய் வெளிப் புதர்களில் விட்டார்கள், நன்றாகவே வளர்ந்தன. அந்த இலையில் குறை ஏதும் இல்லை.

குறை இருந்தது தாய்ப்பூச்சியிடம். இந்த இனத்தின் பெண்ணுக்குப் பறக்கச் சிறகில்லை. தான் வெளிவந்த கூட்டின் மேலேயே உட்கார்ந்து, ஆணை மணத்தால் வரவழைத்து, அந்தக் கூட்டின் மேலேயே முட்டையிட்டுச் செத்துப்போகும். குடும்பம் பல தலைமுறைக்கு ஒரே புதரில். ஆனால் அவற்றின் எதிரிகளுக்குச் சிறகுண்டு. முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும் நுண்ணிய ஒட்டுண்ணிக் குளவிகள், புழு மிகுந்த நடுப்பகுதியில் பிறந்து வெளியே பரவுகின்றன. விளைவு தலைகீழ். நடுவில் இரை அதிகமாதலால் குளவிகளிடம் சிக்குபவற்றைவிடத் தப்புபவை அதிகம். வெளிப்புறத்தில் இரை சொற்பம், வந்து சேரும் குளவியோ ஏராளம். தப்பி வந்த ஒன்றிரண்டு குடும்பமும் அங்கே அழிந்துபோகிறது. எறும்புகளும் அப்படியே: கூட்டுப்புழு கொட்டிக் கிடக்கும் இடத்தில் தின்று தீர்க்க முடியாமல் விட்டுவிடுகின்றன, அருகிக் கிடக்கும் இடத்தில் ஒன்றுவிடாமல் இழுத்துப்போகின்றன. ஆலன் ஹேஸ்டிங்ஸ் முதலானோர் இதைக் கணிதமாக எழுதியபோது ஒரு விசித்திரம் வந்து விழுந்தது: புழு மிக அடர்த்தியாக இருக்க வேண்டிய இடம் நடுவல்ல, விளிம்புக்குச் சற்று உட்புறம். களத்தில் போய் எண்ணினார்கள். கணக்கு சொன்னபடியே இருந்தது.

இந்தப் பூச்சியின் நெருங்கிய உறவினர் லண்டனிலேயே உண்டு. வேப்பரர் என்று பெயர். நகரத் தெருக்களில் நெடுங்காலமாகக் குடியிருப்பது. முதுகில் நான்கு மஞ்சள் குஞ்சம் வைத்து, பல் துலக்கும் பிரஷ் போலிருக்கும் புழு. ரோஜா, ஹாத்தார்ன், வேலிச்செடி என்று எதையும் தின்னும். ஆண் பகலில் செங்கல் நிறத்தில் படபடவென்று பறந்து திரியும். பெண் சிறகற்ற ஒரு பை. இளம் புழு நூலில் தொங்கிக் காற்றில் போவதுதான் குடும்பம் இடம் மாறும் ஒரே வழி. ஒரு தெருவின் ஒரே ஒரு புதரை இது ஆண்டுக்காண்டு தின்று, பக்கத்துப் புதரைத் தொடாமல் விட்டால், புதரின் சத்துக் குறைவைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

கர்டிஸின் பழுப்புவால் பூச்சிக்கும் இதே வகைப் பின்கதை உண்டு. 1890-களில் அது அமெரிக்காவின் மாசசூசெட்ஸுக்குத் தொற்றி வடகிழக்கு மாநிலங்களெங்கும் பரவியது. 1906-இல் ஐரோப்பாவிலிருந்து காம்ப்சிலூரா என்ற ஒட்டுண்ணி ஈயைக் கொண்டுவந்து விட்டார்கள். சில பத்தாண்டுகளில் பழுப்புவால் பெரும்பாலான இடங்களிலிருந்து மறைந்து, கேப் காட் முனையிலும் மேய்ன் மாநிலக் கடற்கரையிலும் உள்ள புதர்களில் மட்டும் எஞ்சியது. ஏன் கடலோரம் மட்டும்? எல்கின்டன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், உள்நாட்டில் வைத்த புழுக்களை ஈ விழுங்கித் தீர்த்ததையும் கடலோரத்தில் அதன் கை ஓங்காததையும் காட்டினார்கள். அந்த ஈ நல்லபிள்ளையும் அல்ல: அமெரிக்காவுக்கே உரிய பெரிய பட்டு அந்துப்பூச்சிகளையும் சேர்த்தே அழித்திருக்கிறது.

எதிரி வராத இடத்தில் புழு என்றால், எதிரியை நாமே விரட்டிய இடத்தில்? இதற்கு இலங்கை மலையகத்தைவிட நல்ல சான்று இல்லை. தேயிலையும் கத்தரித்து வைத்த ஒரு புதர்தான். மலைமலையாக ஒரே புதர். தேயிலை இலைச்சுருட்டுப் புழு, இலைகளை நூலால் ஒட்டி உள்ளிருந்து தின்பது, தோட்டங்களுக்குப் பெருந்தொல்லையாக இருந்தது. தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் 1935-36-இல் ஜாவாவிலிருந்து மேக்ரோசென்ட்ரஸ் என்ற குளவியைக் கொண்டுவந்தார்கள். அது ஊன்றியது, தொல்லை அடங்கியது. கொழுந்து பறித்த தமிழ்ப் பெண்களின் கூடைக்குச் சுருட்டிய இலை வருவது அருகியது. பிறகு 1950-களின் பிற்பகுதியில் தண்டு துளைக்கும் வண்டைக் கொல்ல டீல்ட்ரின் தெளித்தார்கள். வண்டுக்கு அடித்த மருந்தில் குளவி செத்தது. இலைச்சுருட்டுப் புழு திரும்பி வந்தது. தெளித்த தோட்டத்தில் பெருக்கம், தெளிக்காத தோட்டத்தில் அமைதி. காவிரி டெல்டாவில் நெல்லைத் தாக்கும் புகையான் பூச்சியோடு மல்லுக்கட்டிய விவசாயிக்கு இந்தக் கதையை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

விஷம் என்றதும் வால்தம்ஸ்டோக்காரருக்கு இன்னொன்று நினைவுக்கு வர வேண்டும். இலையையும் கொடியையும் சுவர்த்தாளில் படரவிட்ட வில்லியம் மோரிஸ் பிறந்தது இவ்வூரில், 1834-இல். 1848 முதல் 1856 வரை அவர் வாழ்ந்த வாட்டர் ஹவுஸ் இன்று லாயிட் பூங்காவில் அவர் பெயரிலான காட்சியகம். அவருடைய தொடக்ககாலத் தாள் ஒன்றின் பச்சையைப் பின்னாளில் சோதித்தபோது செம்பும் ஆர்சனிக்கும் கலந்த நிறமி என்று தெரிந்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த பாரிஸ் பச்சையைத்தான் அமெரிக்க உழவர்கள் 1860-களின் இறுதியிலிருந்து உருளைக்கிழங்கு வண்டுக்குத் தூவினார்கள். மோரிஸின் இலையில் புழு கடித்த ஓட்டை ஒன்றுகூட நான் பார்த்ததில்லை. சாயத்தில் இருந்ததைப் பார்த்தால் அதில் வியப்புமில்லை!

இனி எங்கள் தெருவின் பாக்ஸ் புழு. இதுவரை சொன்னவற்றுக்கு இது அடங்குவதில்லை. இதன் தாய்க்குச் சிறகுண்டு. வெள்ளைச் சேலைக்குப் பழுப்புக் கரை வைத்ததுபோல் பளபளக்கும், நன்றாகவே பறக்கும். கிழக்காசியப் பூச்சி. 2007-இல் ஜெர்மனியின் வைல் அம் ரைன் நகரில் இருப்பது தெரியவந்தது. நாற்றுச்செடி வணிகத்தோடு சீனாவிலிருந்து வந்திருக்கும் என்பது பொதுக் கருத்து. அதே ஆண்டு இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் அந்துப்பூச்சி தென்பட்டது. 2011-இல் வீட்டுத் தோட்டங்களில் புழுக்கள். 2014 முடிவதற்குள் லண்டனிலும் சுற்றுப்புறத்திலும் ஊன்றிவிட்டது. ரஷ்யாவின் சோச்சியில் நடந்தது இன்னும் கொடிது: 2014 குளிர்கால ஒலிம்பிக்குக்காக ஊரை அலங்கரிக்க 2012-இல் இத்தாலியிலிருந்து வந்த பாக்ஸ் செடிகளோடு இறங்கிய புழு, சில ஆண்டுகளில் காகசஸ் மலைச் சரிவின் பழமையான பாக்ஸ் காடுகளைச் சுரண்டித் தீர்த்தது.

இந்தப் புழுவுக்கு ஐரோப்பாவில் பழைய பகைவர் இல்லை. பாக்ஸ் இலை ஆல்கலாய்டு நிறைந்த கசப்பு. புழு அதைத் தின்று தன் உடம்பிலும் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் தொடக்கத்தில் விலகிப் போயின. நகரின் வெதுவெதுப்பு கோடைக்கு இரண்டு, மூன்று தலைமுறைக்கு இடம் கொடுக்கிறது. பகல் பதின்மூன்றரை மணி நேரத்துக்குக் கீழே குறையும்போது இளம் புழு தின்பதை நிறுத்தி, இலைகளைச் சேர்த்துத் தைத்து உள்ளே உறங்கப் போகும். ஒரு தாய் முட்டைகளை இலையின் அடியில் ஓடு வேய்ந்ததுபோல் அடுக்காக இடுகிறது. ஆகவே முதலில் ஒரு கிளை, பிறகு ஒரு செடி. புழு சிறிதாக இருக்கும்வரை உள்ளிலைகளில் ஒளிந்திருக்கும். கண்ணில் படும் வாரத்தில் பாதி வேலி போயிருக்கும். தெருவில் அது ஒரு வீட்டை மட்டும் தேர்ந்தெடுத்ததுபோல் தோன்றுவது இதனால்தான். போடகா கரையில் எல்லைக்கோட்டைக் காத்தது குளவி. எங்கள் தெருவில் காவலே இல்லை. நாங்கள் எல்லை என்று நினைத்தது, இரண்டு வேலிகளுக்கு நடுவே ஒரு தலைமுறைக் கால இடைவெளி மட்டுமே.

செடியின் பக்கமிருந்து ஒரு சாட்சியம் இருக்கிறது. அதை விட்டுவிட்டால் நான் ஒருதலையாகப் பேசியதாகிவிடும். வைபர்னம் புதரின் இலையை வலைபோல் அரிக்கும் வண்டு ஐரோப்பாவைச் சேர்ந்தது. லண்டன் தோட்டங்களிலும் சாதாரணம். தாய் வண்டு சுள்ளியில் குழி தோண்டி முட்டை வைத்து மூடும். ஐரோப்பிய வைபர்னம் இனங்கள் காயத்தைச் சுற்றித் திசுவை வளர்த்து முட்டையை நெரிக்கின்றன. இவ்வண்டு வட அமெரிக்காவுக்குப் போனபோது, அதை அறியாத அங்குள்ள இனங்களிடம் அந்த எதிர்ப்பு மெத்தனமாக இருந்தது, புதர்கள் செத்தன. ஆக, செடியும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை. பழக்கம் வேண்டும், அவ்வளவுதான்.

பழக்கம் பறவைக்கும் வருகிறது. நீலச்சிட்டுகளும் ஜாக்டா காகங்களும் பாக்ஸ் புழுவைக் கொத்தித் தின்பதாக ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் இப்போது தோட்டக்காரர்கள் சொல்கிறார்கள். வேலிக்குப் பக்கத்தில் கூட்டுப்பெட்டி தொங்கவிடும்படி ஆலோசனையும் வருகிறது. ஒரு சிட்டுக் குடும்பம் ஒரு வேலியைத் தன் மேய்ச்சலாக்கிக்கொண்டால் அந்த வேலி தப்பும், அடுத்தது தப்பாது; இடத்துக்கு இடம் மாறும் பெருக்கம் அப்போது இன்னொரு காரணத்தால் திரும்ப வரும்.

மார்ச் மாதத்தில் வைக்கோல் நிற வேலியை வீட்டுக்காரர் வேரோடு பிடுங்கிப் போட்டார். அன்று மாலை அக்காவும் நானும் ஐந்து வீடு தள்ளி நின்ற பச்சை வேலியை, வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு, கையால் விலக்கிப் பார்த்தோம். வெளியே ஒரு குறையும் இல்லை. உள்ளே, நடுத்தண்டுக்கு அருகே, இரண்டு இலைகள் முகத்தோடு முகம் ஒட்டியிருந்தன. பிரித்தால் வெள்ளை நூல். அதற்குள் சுருண்டு, நகக்கண் அளவில் ஒன்று. அடுத்த கிளையிலும் ஒன்று இருந்தது.

"அப்ப இந்த முறை இவையின்ர வீடு" என்று சொல்லிவிட்டு அக்கா கையுறை எடுத்துவரப் போனார்.